கவைக்கோல்

ஃபோர்ட் போர்ட்டலுக்கு வெளியே, தேயிலை முடிகிற வளைவில்
இரண்டு அறை, ஒரு ஜெனரேட்டர்,
கழுவிக் கவிழ்த்த ஜாம் பாட்டில்கள் ஆயிரத்து இருநூறு.
ஒவ்வொன்றின் அடியிலும் கடற்பாசிக் கூழ்,
கூழின் மேல் எள்ளளவு வாழை.

எள்ளளவு என்றால் எள்ளளவுதான்.
கிழங்கை உரித்து உரித்து
இனி உரிக்க ஏதுமில்லை என்கிற இடத்தில்
உட்கார்ந்திருக்கும் குருத்து நுனி.
நோய் பெரும்பாலும் அவ்வளவு தூரம் உள்ளே வருவதில்லை.
ந்யகாட்டோ கத்தியைச் சுடரில் காட்டுகிறாள், ஆறவிடுகிறாள்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுகிறாள்.

வாழையடி வாழையாக என்று வாழ்த்துவோம் என் மொழியில்.
அவளிடம் சொன்னால் சிரிப்பாள்:
தாயின் சீழும்
அந்த வழியாகத்தான் கன்றுக்கு இறங்குகிறது.

வியாழக்கிழமை மின்சாரம் போனது. டீசலும் இல்லை.
மூன்றாம் அடுக்கில் கறுப்புப் பூஞ்சை,
நாற்பத்து மூன்று பாட்டில்.
அழவில்லை. வேகவைத்துக் கொட்டினாள்.
பாட்டிலை மட்டும் எறியவில்லை, அதன் விலை அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு போடா-போடா வந்து நின்றது.
பைக்கின் பின்னால் ந்யங்கோமா, மடியில் சாக்கு.
இரட்டையரில் முந்திப் பிறந்தவளுக்கு அங்கே அந்தப் பெயர்,
பிந்தியவளுக்கு இந்தப் பெயர்;
பதினொரு நிமிட இடைவெளியை
ஆயுள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
சாக்கிலிருந்து வெட்டிய தண்டு எட்டிப் பார்த்தது.
வெட்டுவாயில் மஞ்சளாய்க் கசிவு.

“உள்ளே வராதே.”

அக்காளை அப்படி யாரும் நிறுத்தியதில்லை.
தங்கை வாளியோடு வந்து செருப்பில் ப்ளீச் ஊற்றினாள்,
சாக்கின் மேல் ஊற்றினாள்,
பைக்காரன் காலைத் தூக்கிக்கொண்டான்.
“வெட்டிய கத்தி யாருடையது?”
“பக்கத்துத் தோட்டத்தது. குன்று முழுக்க அதுதானே சுற்றுகிறது.”

அதுதான் சுற்றுகிறது.
அறுபத்திரண்டு தூர்.
பிஞ்சிலே பழுத்த தார்கள்,
பிளந்தால் உள்ளே துருவின் நிறம்.

“உன் பாட்டில் வாழை சாகாதா?”
“சாகும். இது சுத்தமான கன்று. சாகாத கன்று இல்லை.”
“சாகாத கன்று எங்கே?”
ந்யகாட்டோ கம்பிவேலிப் பக்கம் கை காட்டினாள்.
குடைமிளகாயிடம் மரபணு கடன் வாங்கிய வாழைகள்,
பூட்டு, காவலாளி, வருகைப் பதிவேடு.
ஒன்பது வருடமாய் ஒன்றும் வாடவில்லை.
சட்டம் கம்பாலாவில் ஏதோ ஒரு மேசையில்.

கவைக்குதவாத ஆராய்ச்சி, என்றாள் அக்காள்.
அவள் மொழியில் அதற்கு வேறு சொல்; குத்து இதே குத்து.

தங்கை பதில் பேசாமல்
வேலியோர மரத்தை அண்ணாந்து பார்த்து
கவை ஒன்றை முறித்தாள்.
கடைசிச் சீப்பு வந்ததும், கீழே தொங்கும் பூவை
இதில் மாட்டி ஒரே திருகு. கத்தி வேண்டாம்.
பூ உதிர்ந்த காயத்தில் வந்து உட்காரும் தேனீக்கு
உட்கார இடமில்லாமல் போகும்.

“இதற்கா பல்கலைக்கழகம் போனாய்?”
“இதற்கும்.”

கன்று கேட்டதற்கு, ஆறு மாதம் கழித்து வா என்றாள்.
எல்லாத் தூரையும் தோண்டிப் புதை,
அதுவரை பீன்ஸ் போடு.
ந்யங்கோமா வந்த வழியே போனாள்,
மடியில் சாக்கில்லை, குறுக்கே ஒரு கோல்.
திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பு பளிச்சென்று வெளுத்திருந்தது.

ஆறு மாதம் கழித்து வந்தாள், நாற்பது கன்று, ஒரு தட்டு.
அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கும் ஒரு வருடம் தள்ளி,
ருவென்சோரி மேகத்துக்குள் போய்விட்ட மாலையில் போன்.
“முதல் பூவைத் திருகிவிட்டேன்.”
“ம்.”
“பக்கத்துத் தோட்டத்துக்காரன் வந்து கோலைக் கேட்டான்.”
சுடரில் கத்தி சிவந்துகொண்டிருந்தது.
“கொடுத்தாயா?”
“இல்லை. மரத்தைக் காட்டினேன்.”